அக்செஸ் 2003-லிருந்து மைக்ரோசாஃப்ட் 365-க்கு: கைவிடப்பட்ட வசதிகளுக்கு என்ன மாற்று?

கேள்வி: கல்தறி

வணக்கம். அக்செஸ் 2003-இல் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) எழுதிய சரக்கு, பில் கணக்குப் பயன்பாடு ஒன்றைப் புதிய கணினிகளுக்கு மாற்ற வேண்டும். பேக் எண்ட் (தரவு டேபிள்கள்), ஃப்ரண்ட் எண்ட் (ஃபார்ம், ரிப்போர்ட், கோடு) இரண்டும் தனித்தனி எம்.டி.பி கோப்புகள் (அக்செஸின் பழைய கோப்பு வகை), 2002-2003 வடிவம். பேக் எண்ட் சர்வர் ஃபோல்டரில் இருக்கிறது. ஒன்பது பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறார்கள். புதிய கணினிகளில் விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் 365 (64-பிட்). பழைய 2003 கணினி ஒன்று இன்னும் ஓடுகிறது.

பயன்பாட்டில் உள்ளவை: எம்.டி.டபிள்யூ கோப்பு (பயனர், குழு விவரங்களை வைத்திருப்பது) வழியாகப் பயனர் லாகின், மூன்று குழுக்களுக்குத் தனித்தனி அனுமதி. தேதி தேர்ந்தெடுக்க காலண்டர் கன்ட்ரோல். ரிப்போர்ட்டை ஸ்னாப்ஷாட் கோப்பாக்கி மின்னஞ்சலில் அனுப்பும் பட்டன். இரண்டு பிவட்சார்ட் ஃபார்ம்கள். எடைமேடைக் கணினியிலிருந்து வரும் டி.பி.எஃப் (டிபேஸ் வடிவ) கோப்புக்கு லிங்க்.

ஒரு நகலைப் புதிய கணினியில் திறந்து பார்த்ததில் இரண்டு பிழைகள். ஒன்று, கோடை 64-பிட்டுக்கு மாற்றச் சொல்லும் செய்தி. மற்றொன்று "கேன்ட் ஃபைண்ட் ப்ராஜெக்ட் ஆர் லைப்ரரி". இரண்டாவது, சாதாரண டேட் ஃபங்ஷன் இருக்கும் வரியில் போய் நிற்கிறது.

எம்.டி.பி-யாகவே வைத்துக்கொள்ளலாமா, ஏ.சி.சி.டி.பி-க்கு (அக்செஸின் புதிய கோப்பு வகை) போயே ஆகவேண்டுமா? எதை முதலில் செய்வது?

நெய்தல்

வணக்கம் கல்தறி. முதலில் ஒன்று: அந்த 2003 கணினியை எந்தக் காரணத்துக்காகவும் இப்போது கழற்றிவிடாதீர்கள். எம்.டி.டபிள்யூ-வைப் பிரிப்பது, பழைய ஃபார்ம்களைத் திறந்து எதில் என்ன இருந்தது என்று பார்ப்பது எல்லாம் அங்கேதான் எளிது.

அடுத்தது, 2003-இலிருந்து 365-க்கும் 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கும் ஒரே தாவலில் போகாதீர்கள். ஒரு சோதனைக் கணினியில் 32-பிட் மைக்ரோசாஃப்ட் 365 போடுங்கள். அதற்கு முன் அங்கிருக்கும் 64-பிட் ஆஃபீஸை முழுவதும் நீக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. பயன்பாடு 32-பிட்டில் சுத்தமாக ஓடிய பிறகு 64-பிட்டுக்குப் போனால், எந்தப் பிழை எதனால் வந்தது என்று குழம்ப வேண்டியதில்லை.

டேட் ஃபங்ஷனில் வரும் பிழைக்கும் டேட்டுக்கும் சம்பந்தமில்லை. வி.பி.ஏ (அக்செஸின் கோடு மொழி) எடிட்டரில் டூல்ஸ், ரெஃபரன்சஸ் (கோடு பயன்படுத்தும் லைப்ரரிகளின் பட்டியல்) திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு வரி "மிஸ்ஸிங்" என்று தொடங்கும். உங்கள் பட்டியலை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் காலண்டர் கன்ட்ரோலாகத்தான் இருக்கும். ஒரு ரெஃபரன்ஸ் காணாமல் போனாலே லெஃப்ட், ஃபார்மேட், டேட் போன்ற உள்ளமைந்த ஃபங்ஷன்களின் பெயரைக்கூட வி.பி.ஏ-வால் சரியாகத் தேடி எடுக்க முடியாது. அந்த டிக்கை எடுத்துவிட்டு டீபக், கம்பைல் கொடுங்கள். உண்மையான பிழை எங்கே என்று அப்போதுதான் தெரியும்.

கோப்பை "சேவ் ஆஸ்" கொடுத்து மாற்றுவதைவிட, காலியான ஏ.சி.சி.டி.பி ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் இம்போர்ட் செய்வதே எனக்குப் பிடித்த வழி. பல வருடங்களாகக் கோப்பில் தங்கிய கசடு புதிய கோப்புக்கு வராது. இம்போர்ட் பெட்டியில் ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி ரிலேஷன்ஷிப்ஸ், மெனு மற்றும் டூல்பார், இம்போர்ட்/எக்ஸ்போர்ட் ஸ்பெக்ஸ் மூன்றும் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியானதை டிக் செய்ய மறந்தால் டெக்ஸ்ட் கோப்பு இம்போர்ட் செய்யும் பட்டன்கள் ஒரு மாதம் கழித்துத்தான் உடையும். வி.பி.ஏ ரெஃபரன்ஸ்களும் ஸ்டார்ட்அப் அமைப்புகளும் எப்படியும் இம்போர்ட்டில் வராது. பழைய கோப்பில் பார்த்துக் கையால் போட வேண்டும். டி.ஏ.ஓ 3.6 (தரவை அணுகும் பழைய லைப்ரரி) இருந்த இடத்தில் இப்போது ஆஃபீஸ் 16.0 அக்செஸ் டேட்டாபேஸ் என்ஜின் லைப்ரரி. இரண்டையும் சேர்த்து வைக்க முயலாதீர்கள். கோடில் எங்காவது ஜெட் ஓ.எல்.ஈ.டி.பி 4.0 (பழைய டேட்டாபேஸ் என்ஜினின் டிரைவர்) என்று கனெக்ஷன் வரி இருந்தால் ஏ.சி.ஈ ஓ.எல்.ஈ.டி.பி 12.0 (புதிய என்ஜினின் டிரைவர்) ஆக்குங்கள். ஜெட் 32-பிட்டில் மட்டுமே உண்டு, அதற்கு ஏ.சி.சி.டி.பி-யைப் படிக்கவும் தெரியாது. ஏ.சி.சி.டி.பி-யை டி.ஏ.ஓ 3.6 வழியாகத் திறந்தால் 3343 எண் பிழை வருவதும் இதனால்தான்.

64-பிட்டுக்குப் போகும்போது: விண்டோஸ் ஏ.பி.ஐ (விண்டோஸின் சொந்த ஃபங்ஷன்கள்) அழைப்புகளில் "டிக்ளேர்" என்பதை அடுத்து "பி.டி.ஆர்.சேஃப்" சேர்க்க வேண்டும். அதை மட்டும் சேர்த்தால் கம்பைல் பிழை மறைந்துவிடும், ஆபத்தும் அங்கேதான். விண்டோ ஹேண்டில், பாயின்டர் வரும் இடங்களில் "லாங்" (32-பிட் எண்) என்பதை "லாங்.பி.டி.ஆர்" (64-பிட்டில் 64-பிட் எண்) ஆக்கவில்லை என்றால் அந்த எண் பாதியில் வெட்டுப்பட்டு, அக்செஸ் எந்தச் செய்தியும் இல்லாமல் மூடிக்கொள்ளலாம். அதற்காக எல்லா லாங்கையும் மாற்றவும் கூடாது. எண்ணிக்கை, கொடி, பிழைக் குறியீடு லாங்காகவே இருக்கட்டும். காம்டிஎல்ஜி32 ஓ.சி.எக்ஸ் (வெளியிலிருந்து சேர்க்கும் கன்ட்ரோல்) வைத்து ஃபைல் தேர்வு செய்திருந்தால் அதற்கு 64-பிட் வடிவமே கிடையாது. அக்செஸிலேயே உள்ள ஃபைல்டயலாக்கை எண் 3 கொடுத்து அழையுங்கள்.

காலண்டர் கன்ட்ரோல் அக்செஸ் 2010-இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. 2007 முதல் டெக்ஸ்ட் பாக்ஸிலேயே டேட் பிக்கர் இருக்கிறது. பாக்ஸ் தேதி ஃபீல்டோடு இணைந்திருக்க வேண்டும். இணைக்காத பாக்ஸ் என்றால் ஃபார்மேட்டில் ஷார்ட் டேட் போடுங்கள். இன்புட் மாஸ்க் இருந்தால் பிக்கர் தலைகாட்டாது, அதைக் காலி செய்ய வேண்டும். காலண்டரின் க்ளிக் ஈவன்ட்டில் இருந்த கோடை டெக்ஸ்ட் பாக்ஸின் ஆஃப்டர்அப்டேட்டுக்கு நகர்த்துங்கள். புதிய விண்டோஸ் அமெரிக்கத் தேதி அமைப்போடு வந்திருந்தால் 03/04 என்பது மார்ச் 4 ஆகிவிடும். சரக்குக் கணக்கில் இது எந்தப் பிழைச் செய்தியும் தராமல் தப்புத் தேதியை எழுதிக்கொண்டே போகும். ரீஜன் அமைப்பை முதல் நாளே பாருங்கள்.

ஸ்னாப்ஷாட்டும் 2010-இல் போனதுதான். அவுட்புட்டூ, சென்ட்ஆப்ஜெக்ட் வரிகளில் எஸ்.என்.பி ஃபார்மேட்டை பி.டி.எஃப் ஆக்கினால் போதும். கோடில் மட்டும் தேடாமல் மேக்ரோக்களிலும் தேடுங்கள்.

மருதன்

நெய்தல் சொன்ன வரிசை சரி. லாகின் பற்றி நான் சேர்க்கிறேன், இதில்தான் பலர் சிக்குகிறார்கள்.

பயனர்நிலைப் பாதுகாப்பு (எம்.டி.டபிள்யூ வழி லாகினும் அனுமதியும்) ஏ.சி.சி.டி.பி வடிவத்தில் கிடையாது. 365-இல் எம்.டி.பி-யாகவே வைத்து, ஷார்ட்கட்டில் டபிள்யூ.ஆர்.கே.ஜி.ஆர்.பி சுவிட்ச் கொடுத்து எம்.டி.டபிள்யூ-வோடு திறக்கலாம், இன்னும் ஓடும். மாற்றம் முடியும்வரை தற்காலிக ஏற்பாடாக அது பரவாயில்லை. நிரந்தரமாக வேண்டாம். அந்தப் பாதுகாப்பை உடைக்கும் கருவிகள் எப்போதோ வந்துவிட்டன. பூட்டு இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பது, பூட்டே இல்லாததைவிட மோசம்.

எம்.டி.டபிள்யூ-வைப் பிரிக்கும் முறை, கட்டாயம் நகலில், 2003 கணினியில். அட்மின்ஸ் குழுவில் உள்ளவராக நுழையுங்கள். டூல்ஸ், செக்யூரிட்டி, யூசர் அண்ட் க்ரூப் பர்மிஷன்ஸ் போய், "யூசர்ஸ்" குழுவுக்கு எல்லா டேபிள், க்வெரி, ஃபார்ம், ரிப்போர்ட், மேக்ரோவிலும் முழு அனுமதி கொடுங்கள். "டேட்டாபேஸ்" என்ற வகைக்கும் ஓப்பன் அனுமதி வேண்டும். இதை விட்டுவிட்டு மீதி எல்லாம் செய்தாலும் கோப்பு திறக்காது. யூசர்ஸ் குழுவின் உள் அடையாளம் எல்லா எம்.டி.டபிள்யூ கோப்புகளிலும் ஒன்றேதான், அதனால்தான் இந்த வழி வேலை செய்கிறது. பிறகு ஒர்க்க்ரூப் அட்மினிஸ்ட்ரேட்டரில் இயல்பான சிஸ்டம் எம்.டி.டபிள்யூ-க்கு மாறித் திறந்து பாருங்கள். லாகின் கேட்காமல் திறந்தால், 365-இன் காலி ஏ.சி.சி.டி.பி-க்குள் இம்போர்ட் செய்யத் தயார். மாட்யூல்களுக்கு இந்த அனுமதி முறை பொருந்தாது. வி.பி.ஏ ப்ராஜெக்ட்டுக்குத் தனிக் கடவுச்சொல் இருந்தால் அதையும் முன்னதாக எடுத்துவிடுங்கள்.

க்வெரிகளில் ரன் பர்மிஷன்ஸ் "ஓனர்ஸ்" என்று இருந்தால் "யூசர்ஸ்" ஆக்குங்கள். கோடில் கரன்ட்யூசர் ஃபங்ஷன் எங்கெங்கே வருகிறது என்று தேடுங்கள்: ஏ.சி.சி.டி.பி-யில் அது எப்போதும் "அட்மின்" என்றே சொல்லும். யார் பில் போட்டார் என்று பதியும் ஃபீல்டுகள் எல்லாம் ஒரே பெயரால் நிரம்பும், ஒரு பிழையும் வராது. அதற்குப் பதில் விண்டோஸ் லாகின் பெயரை கெட்யூசர்நேம் ஏ.பி.ஐ வழியாக எடுத்து, உங்கள் சொந்தப் பயனர் டேபிளில் அந்தப் பெயருக்கு எந்தக் குழு என்று பாருங்கள். என்விரான் ஃபங்ஷன் சுலபம்தான், ஆனால் அந்த மதிப்பைப் பயனரே மாற்றிவிட முடியும்.

இது எந்தப் பட்டனைக் காட்டுவது என்று தீர்மானிக்க மட்டுமே. சம்பளம் போன்ற தரவை உண்மையிலேயே மறைக்க வேண்டும் என்றால் பேக் எண்டை எஸ்.க்யூ.எல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு (மைக்ரோசாஃப்டின் இலவச சர்வர் டேட்டாபேஸ்) கொண்டுபோங்கள். 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜி.பி வரம்பு, அக்செஸுக்கு 2 ஜி.பி தான். அப்படிக் கொண்டுபோக அக்செஸில் இருந்த அப்சைசிங் விசார்ட் 2013-இல் எடுக்கப்பட்டது. இப்போது மைக்ரோசாஃப்டின் எஸ்.எஸ்.எம்.ஏ கருவி, இலவசம்.

பாலைமணல்

பிவட்சார்ட், பிவட்டேபிள் காட்சிகள் அக்செஸ் 2013-இல் போய்விட்டன. க்ராஸ்டேப் க்வெரியோடு (வரிசை, நெடுவரிசையாகத் தொகுப்பது) 365-இன் புதிய சார்ட் கன்ட்ரோல் போட்டால் படம் வந்துவிடும். பயனர்கள் இழுத்துப் போட்டு மாற்றிப் பார்ப்பவர்கள் என்றால் எக்செல் பிவட்டை க்வெரியோடு இணைத்துக் கொடுங்கள். ஒரு சிக்கல் உண்டு: எக்செல் வெளியிலிருந்து க்வெரியை அழைக்கும்போது வி.பி.ஏ அங்கே இருக்காது. நீங்கள் எழுதிய ஃபங்ஷன்கள் மட்டுமல்ல, என்.இசட் (காலி மதிப்புக்குப் பதில் வேறு மதிப்பு தரும் ஃபங்ஷன்) கூட வேலை செய்யாது. அதை ஐ.ஐ.எஃப், இஸ்நல் வைத்து எழுதுங்கள். ஃபார்மிலிருந்து மதிப்பு எடுக்கும் க்வெரிகளும் அங்கே ஓடாது.

டி.பி.எஃப்: டிபேஸ் ஆதரவு 2013-இல் எடுக்கப்பட்டு 2016-இல் திரும்பி வந்தது, 365-இலும் இருக்கிறது. கோப்புப் பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்கட்டும். எடைமேடை மென்பொருள் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கே உரிய வடிவில் எழுதினால் இந்த வழி உதவாது, அதற்கான ஓ.எல்.ஈ.டி.பி டிரைவர் 32-பிட் மட்டும். அந்த நிலையில் சி.எஸ்.வி-யாக எழுதச் சொல்லி வாங்கிக்கொள்வதே நிம்மதி.

பழைய மற்றும் புதிய ஃப்ரண்ட் எண்ட் இரண்டும் சில வாரம் சேர்ந்து ஓடும் என்றால் பேக் எண்டை அதுவரை எம்.டி.பி-யாகவே விடுங்கள். 2003-க்கு ஏ.சி.சி.டி.பி திறக்கத் தெரியாது.

கல்தறி

மூவருக்கும் மிக்க நன்றி. ரெஃபரன்ஸில் "மிஸ்ஸிங்" இருந்தது காலண்டர்தான். எடுத்ததும் டேட் பிழை போய்விட்டது. இன்னும் இரண்டு. பழைய ஆண்டுகளின் கணக்கு அக்செஸ் 97 கோப்பில் இருக்கிறது, 365 திறக்க மறுக்கிறது. வாடிக்கையாளர் பெயர், முகவரி எல்லாம் பாமினி என்ற யுனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் உள்ளிட்டவை. அப்படியே விடலாமா?

நெய்தல்

97 வடிவத்தை 2013 முதல் எந்தப் பதிப்பும் திறக்காது. 2003 கணினியில் டூல்ஸ், டேட்டாபேஸ் யுடிலிட்டீஸ், கன்வர்ட் டேட்டாபேஸ் போய் 2002-2003 வடிவமாக்கிக்கொள்ளுங்கள். அதிலிருந்து மற்றதைப் போலவே இம்போர்ட்.

பாமினியை விடாதீர்கள். "தமிழ்" என்ற சொல் அந்த டேபிளில் ஐந்து ரோமன் குறிகளாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில், பி.டி.எஃப்-இல் தேடும்போது, எக்செலுக்கு அனுப்பும்போது எல்லாம் அது குப்பை. யுனிகோடாக்க இதுவே நேரம். ஆனால் அக்செஸில் இதற்கென்றே சில பொறிகள் உண்டு.

பாமினியில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வெவ்வேறு தமிழ்க் குறிகள்: ஆங்கிலச் சிறிய "n" எகரக் கொம்பு, பெரிய "N" ஏகாரக் கொம்பு. அக்செஸ் ஒப்பீடு சிறிது பெரிது பார்க்காது. மாற்று அட்டவணையை டேபிளாக வைத்து ஜாயின் செய்தால் இரண்டும் கலந்துவிடும். யுனிக் இண்டெக்ஸ் போட்டால் இரண்டாவது வரியையே ஏற்காது. எழுத்துக்குப் பதில் அதன் குறியீட்டு எண்ணை வையுங்கள், ரீப்ளேஸில் பைனரி கம்பேர் (சிறிது பெரிது பார்க்கும் ஒப்பீடு) என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

நீளமான கோவையை முதலில் மாற்ற வேண்டும். "கொ" மூன்று குறிகள்: கொம்பு, க, கால். "கெ"-வை முதலில் மாற்றினால் கால் தனியாக நின்றுவிடும். கொம்பு பாமினியில் எழுத்துக்கு முன்னால், யுனிகோடில் பின்னால் என்பதையும் இதே படியில் சரிசெய்ய வேண்டும்.

வி.பி.ஏ எடிட்டர் யுனிகோடு அறியாது. தமிழை அங்கே ஒட்டினால் கேள்விக்குறிகளாகும். "அ" வேண்டுமா, சி.ஹெச்.ஆர்.டபிள்யூ ஃபங்ஷனுக்கு (எண்ணுக்குரிய எழுத்தைத் தருவது) 2949 கொடுங்கள், "க" 2965. இல்லையெனில் எழுத்துகளை டேபிளில் வைத்துப் படியுங்கள், டேபிளில் தமிழ் சரியாகவே நிற்கும்.

ஃபீல்டு அளவையும் பாருங்கள். "கு" பாமினியில் ஒரே குறி, யுனிகோடில் இரண்டு. 50 என்று வைத்த பெயர் ஃபீல்டில் நீளமான பெயர்கள் இடம் போதாமல் நிற்கும். மாற்றும் முன் 100 ஆக்கிவிடுங்கள். மூல ஃபீல்டின் மேலேயே எழுதாமல் பக்கத்தில் புதிய ஃபீல்டு சேர்த்து அதில் எழுதுங்கள். முகவரியில் ஆங்கிலத்தில் அடித்த வரிகளும் கலந்திருக்கும்; அவை மாற்றத்தில் பொருளற்ற தமிழாகிவிடும், கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க முடியும். ஃபார்ம், ரிப்போர்ட்டில் எழுத்துருவை நிர்மலா யு.ஐ ஆக்கி, ரிப்போர்ட் பெட்டிகளில் கேன் க்ரோ (பெட்டி தானாக உயரும் அமைப்பு) "யெஸ்" கொடுங்கள். பாமினிக்கு அளந்த உயரத்தில் கீழ்க்குறிகள் வெட்டுப்படும்.