பெங்களூரு: எம்.எஸ்சி இயற்பியலுக்குப் பின் குவாண்டம் கணினி ஆய்வு – எம்.டெக்கா, பி.எச்டியா?

கேள்வி
பெங்களூரில் எம்.எஸ்சி இயற்பியல், இரண்டாம் ஆண்டு. குவாண்டம் கணினியில் ஆய்வு செய்து, பிறகு கல்லூரியில் கற்பிக்க விருப்பம். கிஸ்கிட்டில் (குவாண்டம் கணினிக்கான பைதான் நூலகம்) சர்க்யூட் எழுதத் தெரியும். அது போதுமா? எந்த வழியில் போகலாம்?

பதில் 1
ஆய்வும் கற்பித்தலும்தான் குறி என்றால் நேராக பி.எச்டி. ஜெஸ்ட், நெட் ஜேஆர்எஃப், கேட் ஆகிய மூன்று தேர்வுகளையும் எழுதுங்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் (டிஐஎஃப்ஆர்) தனித் தேர்வு உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் இரண்டாண்டு குவாண்டம் எம்.டெக் கருவிகளை உருவாக்கும் பக்கம் சாய்பவர்களுக்கு ஏற்றது. 2023-இல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டத்தில் (6003.65 கோடி ரூபாய்) கணினிக்கான மையமும் அங்கேதான், உணரிகளுக்கு ஐஐடி பம்பாய்.

பதில் 2
கிஸ்கிட் மட்டும் போதாது. சர்க்யூட் படத்தில் ஒரு பெட்டியாகத் தெரியும் கேட் (கணிப்பின் ஒரு படி), ஆய்வகத்தில் ஒரு மைக்ரோவேவ் பல்ஸ். மீகடத்தி க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் அதன் ஆற்றல் இடைவெளி சுமார் 0.24 கெல்வினுக்குச் சமம்; அதனால்தான் 20 மில்லிகெல்வினுக்குக் கீழே குளிர்விக்கிறோம். குளிர்வித்தால் மட்டும் தீராது. அறை வெப்பத்தின் இரைச்சல் கேபிள் வழியே இறங்கிவிடும். எனவே உள்ளே போகும் லைனில் 4 கெல்வின், 100 மில்லிகெல்வின், மிகக் குளிர்ந்த அடித்தட்டு என மூன்று இடங்களில் 20 டெசிபல் வீதம் அட்டென்யுவேட்டர் (சிக்னலையும் இரைச்சலையும் குறைக்கும் கருவி) வைப்பது வழக்கம். வெளியே வரும் லைனில் அதை வைத்தால் சிக்னலே செத்துவிடும், அங்கே ஒரு திசையில் மட்டும் சிக்னலை விடும் ஐசொலேட்டர்தான்.

இப்போதே செய்யக்கூடியது: க்யூடிப்பில் (குவாண்டம் அமைப்புகளைக் கணினியில் உருவகப்படுத்தும் பைதான் நூலகம்) ராம்சே சோதனையை, அதாவது க்யூபிட்டின் நிலை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அளப்பதை, எழுதுங்கள். டி1 (ஆற்றல் இழக்கும் நேரம்) 50, டி2 (கட்ட ஒத்திசைவு நீடிக்கும் நேரம்) 40 மைக்ரோநொடி, டீட்யூனிங் (பல்ஸுக்கும் க்யூபிட்டுக்கும் உள்ள அதிர்வெண் வேறுபாடு) 0.2 மெகாஹெர்ட்ஸ். அலைவு நேரம் 5 மைக்ரோநொடி வர வேண்டும். 31 வந்தால் 2π-ஆல் பெருக்க மறந்திருக்கிறீர்கள். டீஃபேசிங் (கட்டம் மட்டும் கலைவது) வீதத்துக்கு 1/டி2-ஐ அப்படியே போடாதீர்கள், டி1-இன் பங்கு இருமுறை சேர்ந்து அலைவு சீக்கிரம் அடங்கிவிடும். 1/டி2-இலிருந்து 1/(2 டி1)-ஐக் கழியுங்கள். அதன் தலைகீழான டீஃபேசிங் நேரம் இங்கே சுமார் 67 மைக்ரோநொடி.

கேட்டவர்
நன்றி சார். கற்பிப்பதற்கு எங்கிருந்து தொடங்குவது?

பதில் 3
மூன்று போலராய்டு (ஒளியை ஒரு திசை அதிர்வில் மட்டும் விடும்) தாள்களிலிருந்து. ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டுக்கு நடுவே 45 பாகையில் மூன்றாவதைச் செருகினால், இருண்ட இடத்தில் ஒளி வரும். முதல் தாளைக் கடந்ததில் கால் பங்கு. க்யூபிட்டின் நிலையை ஒரு கோளத்தின் மீது புள்ளியாகக் காட்டும் ப்ளாக் கோளத்தை அதன் பிறகு வரையுங்கள். "குவாண்டம் கணினி எல்லா விடையையும் ஒரே நேரத்தில் கணக்கிடும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அளந்தால் ஒரே விடைதான் கிடைக்கும். தவறான விடைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதில்தான் ஆதாயம். கிஸ்கிட் வகுப்பில் முதல் நாளே ஒன்றைக் காட்டுங்கள்: இரண்டு க்யூபிட்டில் 0-ஆம் க்யூபிட்டைப் புரட்டினால் விடை 01. வலக்கோடிதான் 0-ஆம் க்யூபிட். பெரும்பாலான பாடநூல்கள் இடமிருந்து எழுதுவதால் மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்.