வேலை பிடிக்கவில்லையா, இன்னும் கை வரவில்லையா?

குழந்தைகள் வார்டு செவிலியர், மதுரை

புதிதாகச் சேரும் பிள்ளைகள் 'விட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கு அக்கா' என்று வந்து நின்றால், தலைப்பில் இருக்கும் கேள்வியைத்தான் கேட்பேன். இரண்டும் மனதுக்குள் ஒரே மாதிரிதான் தெரியும்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. டியூட்டிக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசையும். சம்பளமோ நைட் டியூட்டியோ காரணமில்லை, வென்ஃப்ளான்தான், அதாவது டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் போடும் ஊசிக்குழாய். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போய் வரும் கைக்குழந்தைக்கு நரம்பு கண்ணுக்கே தெரியாது. மஞ்சள் நிற 24 நம்பர் ஊசியை எடுத்ததுமே அம்மா அழ ஆரம்பிப்பார். பாட்டி, 'பெரிய சிஸ்டரைக் கூப்பிடும்மா' என்பார். அங்கேயே பாதி தைரியம் போய்விடும்.

பெரிய சிஸ்டர் வருவார். ஆனால் ஊசியைக் கையில் வாங்க மாட்டார். குழந்தையின் மணிக்கட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு, 'டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில வை, கோடு தெரியும் பாரு' என்பார். தோலை லேசாக இழுத்துப் பிடித்து, ஊசியைச் சாய்த்து நுழைத்தால் பின்பக்கம் ஒரு சொட்டு ரத்தம் ஏறும். ஏறியபின் இன்னும் குத்தக் கூடாது. ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு, குழாயை மட்டும் உள்ளே தள்ள வேண்டும். புதியவர்களுக்குக் கை தவறுவது அந்த இடத்தில்தான். 'உன்னால் முடியும்' என்று அவர் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை.

ஒரு மழைக்கால ராத்திரி, பக்கத்து வார்டிலிருந்து என்னைத் தேடி ஆள் வந்தது. 'வெயின் கிடைக்கலை, நீங்க வந்து பாருங்க.' சம்பளம் அதேதான், டியூட்டியும் அதேதான். ராஜினாமா யோசனை மட்டும் எப்போது போனதென்று தெரியவில்லை.

உளவியல் விரிவுரையாளர், திருச்சி

உங்கள் பெரிய சிஸ்டர் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுராவைப் படித்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் செய்தது பாண்டுரா சொன்னதைத்தான். 'இது என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று பாண்டுரா 1977இல் எழுதினார். தானே செய்து முடிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், அந்த நேரத்து உடல் பதற்றம் என நான்கைச் சொல்லி, முதலாவதுதான் வலுவானது என்றார். 2001இல் டிமோத்தி ஜட்ஜ், ஜாய்ஸ் போனோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இந்த நம்பிக்கைக்கும் வேலைத் திருப்திக்கும் உள்ள தொடர்பு 0.45 என்று வந்தது (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1). மனித மனம் பற்றிய ஆய்வுகளில் இது சின்ன எண் இல்லை. ஆனால் எதனால் எது வருகிறது என்று அந்த எண் சொல்லாது.

அறிவியல் ஆசிரியை, அரசுப் பள்ளி

எனக்கு ஒரே நாளில் இரண்டும் நடந்தது. ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்த சமயம். இரண்டாவது பீரியட் தமிழ் வழியில் ஒளிச்சேர்க்கை. இலையைக் கொதிக்க வைத்து, பச்சையம் போக்கி, அயோடின் விட்டு, அது கருநீலமாக மாறும்போது பிள்ளைகள் மேசையைச் சுற்றி முண்டியடிப்பார்கள். நான்காவது பீரியட் அதே பாடம் ஆங்கிலத்தில். புத்தகத்தை வரி வரியாக வாசித்துவிட்டு மணி அடிக்காதா என்று காத்திருப்பேன். அதே சம்பளம், அதே தலைமையாசிரியர். பத்தடி தள்ளியிருக்கும் வகுப்பில் வேலையே கசந்தது. அயோடின் பாட்டிலை அங்கேயும் கொண்டுபோய், பாதி தமிழில் பேச ஆரம்பித்த பிறகுதான் மூச்சு வந்தது.

சிஎன்சி செட்டர், கோயம்புத்தூர்

நான் எதிர்க்கட்சி. கை வந்த பிறகுதான் எனக்கு வேலை வெறுத்தது. பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பெரிய கம்பெனியில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் சிஎன்சி மெஷினில் இருந்தேன். ஷாஃப்ட் அளவு பீஸுக்குப் பீஸ் ஏறிக்கொண்டே போய் 10 மைக்ரான் கூடிவிட்டால், இன்செர்ட், அதாவது உலோகத்தை வெட்டும் முனை, தேய்கிறது என்று தெரிந்துவிடும். மெஷினில் வெட்டும் அளவைச் சரிசெய்யும் ஆஃப்செட்டில் ஒரு திருத்தம் போட்டால் அடுத்த பீஸ் சரியாக வரும். ஆனால் அந்தத் திருத்தம் போடத் தேவையான பேனல் சாவி சூப்பர்வைசர் பையில். அவர் டீ குடித்துவிட்டு வரும்வரை மெஷினும் நிற்கும், நானும் நிற்பேன். புதுப் பையன்கள் அந்த நேரத்தில் நிம்மதியாக போன் பார்ப்பார்கள். எனக்குத்தான் கடுப்பு. பாண்டுரா சார் இதற்கு என்ன சொல்வாரோ!

குழந்தைகள் வார்டு செவிலியர், மதுரை

அப்புறம் என்ன செய்தீர்கள் அண்ணா?

சிஎன்சி செட்டர், கோயம்புத்தூர்

சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு மாறிவிட்டேன் சிஸ்டர். டிராயிங் வந்தால் புரோகிராமிலிருந்து கடைசி அளவு வரை என் பொறுப்பு. சம்பளம் குறைவு, பி.எஃப். கிடையாது, கேன்டீன் கிடையாது. வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன், அதில் நியாயமும் இருக்கிறது. பொண்ணுக்கு ஃபீஸ் கட்டுகிற மாதத்தில் எனக்கே பழைய கம்பெனி ஞாபகம் வரும். போன மாதம்கூடத் திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள்.