7 நாளுக்கு ஒருமுறை பம்ப் ஓட வேண்டும்; மில்லிஸ் வைத்து எண்ணினால் நேரம் வருவதே இல்லை

சாலிடர்_புகை (கேள்வி)

வணக்கம். மாற்றாக வைத்திருக்கும் 1 ஹெச்பி பம்ப் சும்மா கிடந்து இறுகிப் போகாமல் இருக்க, 7 நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் தானாக ஓட வேண்டும். வைத்திருப்பது அர்டுயினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை (ஏடிமெகா328பி சிப், 16 மெகாஹெர்ட்ஸ்), ரிலே மாட்யூல், அதன் வழியாகக் காண்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய சுவிட்ச்). லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) இருப்பது இவ்வளவுதான்; மில்லிஸ்() என்பது பலகை ஆன் ஆனதிலிருந்து கடந்த மில்லிவிநாடி:

மில்லிஸ்() − கடைசி >= இடைவெளி என்றால் ரிலே ஆன்; கடைசி = மில்லிஸ்()

இடைவெளி = 7 * 24 * 60 * 60 * 1000
ஓட்டம் = 5 * 60 * 1000

எல்லா மாறிகளும் அன்சைன்ட் லாங் (குறி இல்லாத 32 பிட் முழு எண்). சோதனைக்கு 20 * 1000, 10 * 1000 என்று வைத்தால் பிசகாமல் வேலை செய்கிறது. நிஜ மதிப்பைப் போட்டால் வாரங்கள் போயும் ரிலே அசையவில்லை. 60,48,00,000 என்பது 32 பிட்டில் தாராளமாக அடங்குமே? சிப்புக்குள் இருக்கும் டைமர்1-ஐ நேரடியாக எழுதினால் சரியாகுமா? 49 நாளில் மில்லிஸ் பூஜ்யத்துக்குத் திரும்புமாம்; அதற்காக மாதம் ஒருமுறை ரீசெட் செய்ய வேண்டுமா?

டிக்டிக்

மாறி 32 பிட்தான். ஆனால் பெருக்கல் நடப்பது 16 பிட்டில். ஏவிஆரில் (உங்கள் சிப்பின் குடும்பம்) 7, 24, 60 என்று வெறுமனே எழுதும் எண்கள் எல்லாம் இன்ட் (16 பிட் முழு எண்); அதில் அடங்கும் அதிகபட்சம் 32,767. கம்பைலர் முதலில் வலப்பக்கத்தை இன்ட்டாகவே பெருக்கிவிட்டு, வந்த விடையைத்தான் அன்சைன்ட் லாங்கில் வைக்கிறது. உங்கள் எண்கள் வழிந்து −31,744-இல் போய் நிற்கும். குறி இல்லாத 32 பிட்டில் இதை வைத்தால் 4,29,49,35,552 மில்லிவிநாடி, அதாவது ஏறத்தாழ 49.7 நாள். ரிலே அசையாததற்குக் காரணம் இதுதான். 20 * 1000 = 20,000 எல்லைக்குள் இருப்பதால் சோதனையில் தப்பித்துவிட்டது. 40 விநாடி வைத்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

இதைவிட அவசரமான விஷயம் ஒன்று: ஓட்ட நேரமும் அதே கதிதான். 5 * 60 * 1000 வழிந்து −27,680 ஆகும், அதுவும் 49.7 நாள். இடைவெளியை மட்டும் திருத்திவிட்டு இதை விட்டால், ஆன் ஆன பம்ப் நிற்காது. திருத்தும் வரை காண்டாக்டர் காயில் ஒயரைக் கழற்றி வையுங்கள்.

திருத்தம் எளிது. முதல் எண்ணுக்குப் பின்னால் யு, எல் இரண்டு எழுத்தையும் சேர்த்தால் மொத்தப் பெருக்கலும் 32 பிட்டில் நடக்கும். கடைசி எண்ணில் மட்டும் சேர்த்தால் போதாது. இடமிருந்து வலமாகப் பெருக்கிக்கொண்டு வரும்போது, அங்கே போய்ச் சேர்வதற்குள்ளேயே 7 * 24 * 60 * 60 வழிந்துவிடும்.

ஐடிஇ-யில் (நிரல் எழுதும் மென்பொருள்) ப்ரிஃபரன்சஸ் போய் கம்பைலர் வார்னிங்கை 'ஆல்' என்று மாற்றுங்கள். முன்னிருப்பில் அது அணைந்திருக்கிறது; இல்லாவிட்டால் இந்த வரியைக் கம்பைலரே சுட்டிக்காட்டியிருக்கும்.

பதிவேடு

மாதாந்திர ரீசெட் வேண்டவே வேண்டாம். 2-இன் 32-ஆம் அடுக்கு மில்லிவிநாடி என்பது 49 நாள் 17 மணி 2 நிமிடம் 47 விநாடி. அப்போது மில்லிஸ் பூஜ்யமானாலும், 'இப்போது − கடைசி' என்று கழித்துப் பார்க்கும் உங்கள் வரி சரியான விடையையே தரும். குறியில்லாக் கழித்தல் சுற்றிக்கொண்டு வருவதால் வித்தியாசம் மாறாது. சிக்கல் வருவது 'இலக்கு = மில்லிஸ்() + இடைவெளி' என்று கூட்டி வைத்து, மில்லிஸ் இலக்கைத் தாண்டியதா என்று கேட்பவர்களுக்கு.

இதைச் சோதிக்க 49 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. அர்டுயினோவின் ஏவிஆர் கோர் மில்லிஸ் எண்ணிக்கையை 'டைமர்0_மில்லிஸ்' என்ற உள் மாறியில் வைத்திருக்கிறது. அதை எக்ஸ்டர்ன் (வேறு கோப்பில் இருக்கும் மாறி) என்று அறிவித்து, செட்டப்பில் (தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் பகுதி) இன்டரப்ட்டை (நடக்கும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) நிறுத்திவிட்டு 4,29,49,60,000 என்று எழுதுங்கள். ஏழு விநாடி கழித்து எண்ணிக்கை சுற்றும், கண்ணெதிரே பார்க்கலாம்.

டைமர்1 கேட்டீர்கள். 16 மெகாஹெர்ட்ஸை 256-ஆல் வகுத்தால் 62,500; சிடிசி மோடில் (குறித்த எண்ணை எட்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பும் முறை) அந்த எண்ணை, அதாவது ஓசிஆர்1ஏ-வை, 62,499 என்று வைத்தால் விநாடிக்கு ஒரு இன்டரப்ட் கச்சிதமாக வரும். ஆனால் கணக்கு வழிந்ததற்கு அது மருந்தல்ல. புதிதாக ஒரு வலியும் சேரும்: இன்டரப்ட்டில் கூட்டும் 32 பிட் எண்ணை 8 பிட் சிப் நான்கு தவணையில்தான் படிக்கும். எண் 65,535-இல் இருக்கும்போது கீழ் இரண்டு பைட்டை 255, 255 என்று படித்துவிட்டது. அந்த நொடியில் இன்டரப்ட் வந்து எண் 65,536 ஆகிவிட்டது. பிறகு மேல் பைட்டைப் படித்தால் 1. கையில் கிடைப்பது 1,31,071. விநாடிக் கணக்கில் இது 18 மணி நேரப் பிழை. மாறியை வாலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்ற குறிப்பு) என்று அறிவித்தாலும் இது போகாது. படிக்கும் அந்த ஒரு வரிக்கு இன்டரப்ட்டை நிறுத்தியே ஆக வேண்டும்.

துல்லியம் உங்களுக்குப் பொருட்டில்லை என்றுதான் நினைக்கிறேன். யூனோவில் மெயின் சிப்புக்கு இருப்பது பெரும்பாலும் செராமிக் ரெசனேட்டர். அரை சதவீதம் தவறினால் நாளுக்கு 7 நிமிடம், வாரத்துக்கு 50 நிமிடம். பம்பை அசைத்துவிடுவதற்கு அது ஒரு குறையே இல்லை.

குவார்ட்ஸ்32768

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் ஒரு வார இடைவெளியை ரேமில் (மின்சாரம் போனால் அழியும் நினைவகம்) எண்ணுவதே தவறான அடித்தளம். மின்சாரம் ஒரு கணம் போனாலும் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆறாவது நாளில் ஒரு தடவை போனால் அடுத்த ஓட்டம் பதின்மூன்றாவது நாள். வாரம் ஒரு தடவை போகிற இடமாக இருந்தால் பம்ப் ஒருபோதும் ஓடாது. நிரலில் எந்தப் பிழையும் தெரியாது. என் கணக்கில் ஒரு நாளுக்கு மேற்பட்ட எந்த இடைவெளியையும் எண்ணக் கூடாது. கடிகாரத்தைக் கேட்க வேண்டும்.

டிஎஸ்3231 ஆர்டிசி மாட்யூலைப் (மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும் கடிகாரம்) போடுங்கள். அதன் எஸ்டிஏ பின் யூனோவின் ஏ4-க்கு, எஸ்சிஎல் பின் ஏ5-க்கு. 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை பிழை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு). ஆண்டுக்கு அதிகபட்சம் ஏறத்தாழ ஒரு நிமிடம் பிசகலாம் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியாக ஓடிய நேரத்தை விநாடிகளாக ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) 4 பைட்டில் எழுதுங்கள். லூப்பில் 'இப்போது − கடைசி >= 6,04,800' என்று பாருங்கள். ஓட வேண்டிய நேரத்தில் மின்சாரம் இல்லாவிட்டாலும், வந்தவுடன் ஓடிவிடும். ஈஈப்ராம் 1,00,000 தடவை எழுதுவதைத் தாங்கும்; வாரத்துக்கு ஒன்று என்றால் தேய்மானத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். (ஆர்டிசி இல்லாமல், நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையை ஈஈப்ராமில் சேமிக்கும் யோசனையும் உலவுகிறது. 70 நாளுக்குள் அந்த வரம்பு தீர்ந்துவிடும்.)

இதிலும் இரண்டு இடத்தில் சறுக்கும்:

ஆர்டிசி லைப்ரரியில் கடிகாரத்தின் நேரத்தை அமைக்கும் அட்ஜஸ்ட் வரியை நிபந்தனை இல்லாமல் செட்டப்பில் விட்டுவைத்தால், ஒவ்வொரு ரீசெட்டிலும் கடிகாரம் கம்பைல் செய்த நேரத்துக்குப் பின்னோக்கிப் போகும். 'இப்போது' 'கடைசி'யைவிடச் சிறியதாகிவிட்டால் கழித்தல் பெரிய எண்ணைத் தரும்; பம்ப் உடனே ஓடும். லாஸ்ட்பவர் (கடிகாரம் மின்சாரம் இழந்து நின்றதா என்ற கேள்வி) உண்மை என்றால் மட்டும் அட்ஜஸ்ட் செய்யுங்கள். இப்போது < கடைசி என்றால் ஓடாமல் ஒரு எல்இடி எரியட்டும்.

புது சிப்பின் ஈஈப்ராமில் நான்கு பைட்டும் 255. அதைத் தனியாகக் கவனித்து, முதல் தடவை 'கடைசி = இப்போது' என்று எழுதிவிடுங்கள்.

சாலிடர்_புகை

நன்றி, எண்கள் புரிந்தன. டிஎஸ்3231 மாட்யூலில் சிஆர்2032 போடலாமா? ஈஈப்ராமில் எழுதுவது பம்ப் ஓடி முடிந்த பிறகா, முன்பா?

குவார்ட்ஸ்32768

போடலாம், ஆனால் பலகையைப் பார்த்துவிட்டு. பரவலாகக் கிடைக்கும் மாட்யூலில் ஒரு டையோடும், 201 என்று குறியிட்ட 200 ஓம் ரெசிஸ்டரும் வழியாக பேட்டரிக்கு சார்ஜ் போகும். அது ரீசார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032-க்கானது. 5 வோல்ட்டில் சிஆர்2032-ஐ வைத்தால் செல் உப்பி வீணாகும். அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

காண்டாக்டர்_காயில்

எழுதுவது முன்பு. கட்டாயம் முன்பு. மோட்டார் கிளம்பும் இழுப்பிலோ, காண்டாக்டர் காயிலின் இரைச்சலிலோ சிப் ரீசெட் ஆனால், முடிவில் எழுதும் நிரலுக்குத் தான் ஓடியதே தெரியாது. மறுபடி ஆன், மறுபடி ரீசெட். மோட்டார் விடாமல் ஸ்டார்ட் ஆகி வைண்டிங் கருகும். முதலில் எழுதினால், அதிகம் போனால் ஒரு வார ஓட்டம் குறையும், அவ்வளவுதான்.

அந்த இரைச்சலை அடக்க, காயிலுக்கு நேர் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் தொடராக) அல்லது எம்ஓவி (அதிக வோல்ட்டை உறிஞ்சும் பாகம்) போடுங்கள். ரிலே மாட்யூல் லோவில் ஆன் ஆகும் வகை என்றால், செட்டப்பில் முதலில் பின்னை ஹை செய்துவிட்டு, அடுத்த வரியில் அவுட்புட் ஆக்குங்கள். வரிசை மாறினால் ஒவ்வொரு பவர் ஆனிலும் காண்டாக்டர் ஒரு தட்டு தட்டும்.

நிறுத்தும் பொறுப்பை நிரலிடம் மட்டும் விடாதீர்கள். ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் எந்த நிரலாலும் பம்பை நிறுத்த முடியாது. காயில் லைனில் 10 நிமிடத்தில் துண்டிக்கும் தனி டைமர் ரிலே, தொட்டி காலியானால் துண்டிக்கும் ஃப்ளோட் சுவிட்ச், இவற்றுடன் மோட்டாரின் ஆம்பியருக்குச் சரியாக வைத்த ஓவர்லோட் ரிலே ஆகிய மூன்றும் தொடராக இருக்கட்டும். சோதிக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு, ஈஈப்ராமில் 'கடைசி'யை 6 நாள் 23 மணி 58 நிமிடம் முந்திய நேரமாக எழுதுங்கள். இரண்டு நிமிடத்தில் காண்டாக்டர் இழுக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் விட வேண்டும். நடுவில் ஒருமுறை ரீசெட் பட்டனை அழுத்தி, மறுபடி இழுக்கவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள்.