செம்மரம் வாங்குகிற பெரிய ஆளை வெளிநாட்டில் யார் பிடிப்பார்கள்?

நகரி செல்வம்:
புத்தூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். சேஷாசலம் காட்டில் வெட்டுகிற செம்மரம் இந்த ரோட்டிலும் போகும். பிடிபட்ட கட்டைகள் ஸ்டேஷன் பின்னால் மழையிலும் வெயிலிலும் கிடக்கின்றன. மேலே வெளுத்துவிட்டது, வெட்டுவாய் மட்டும் இன்னும் ரத்தச் சிவப்பு. மாட்டுகிறவர்கள் எல்லாம் ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். வாங்குகிறவன் வெளிநாட்டில் சுகமாக இருக்கிறான். இன்டர்போல் போய் அவனைப் பிடிக்காதா?

சித்தூர் குமாஸ்தா:
தம்பி, கைது பண்ணுவதற்கென்று இன்டர்போலில் தனிப் போலீஸ் கிடையாது. பிரான்சில் லியோன் நகரத்தில் தலைமையகம், 196 நாடுகள் உறுப்பினர். ஒரு நாட்டுப் போலீஸ் கேட்பதை மற்ற நாட்டுப் போலீஸிடம் கொண்டு சேர்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. ரெட் நோட்டீஸ் என்பது வாரண்ட் அல்ல. ஆளைக் கண்டுபிடித்துத் தற்காலிகமாகப் பிடித்து வையுங்கள் என்ற வேண்டுகோள். பிடிப்பதா வேண்டாமா என்பது அந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

ஆரம்பம் நம்ம ஊர்க் கோர்ட்டில்தான். இங்கே வாரண்ட் பிறக்க வேண்டும். மாநிலப் போலீஸ் அதை டெல்லியில் சிபிஐக்கு அனுப்பும், இன்டர்போலோடு பேசுவது சிபிஐதான். முன்பெல்லாம் கடிதம், ஃபேக்ஸ் என்று இழுக்கும். இப்படிக் கேட்பதை அனுப்புவதற்கென்றே 2025 ஜனவரியில் 'பாரத்போல்' இணையதளம் வந்திருக்கிறது.

நான் கோர்ட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன், கேஸ் கட்டு எப்படி இருக்கும் என்று தெரியும். எஃப்ஐஆர், பஞ்சநாமா (சாட்சிகள் முன்னால் எழுதுகிற பறிமுதல் குறிப்பு) எல்லாம் தெலுங்கில் இருக்கும். பிடிபட்ட ஆளை நம்மிடம் ஒப்படைக்கலாமா என்று பார்க்கிற வெளிநாட்டு நீதிபதிக்கு அது புரிய வேண்டுமே, பக்கம் பக்கமாக மொழிபெயர்த்து சீல் வைக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு ஸ்பெல்லிங், வாரண்டில் ஒரு ஸ்பெல்லிங் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். பொதுவாக, நாம் குற்றம் என்பது அங்கேயும் குற்றமாக இருக்க வேண்டும்.

நடக்காத காரியம் இல்லை. செம்மர வழக்கில் தேடப்பட்ட ஒருவர் 2015-ல் மொரீஷியஸில் சிக்கினார், அதே வருஷம் நவம்பரில் இங்கே கொண்டுவந்தார்கள். சிலைக் கடத்தல் சுபாஷ் கபூர் 2011-ல் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டு, 2012-ல் சென்னைக்கு வந்தார். கும்பகோணம் கோர்ட் தண்டனை கொடுத்தது 2022-ல்.

ராயபுரம் ஷிப்பிங்:
ஆளோடு சரக்கையும் துரத்த வேண்டும், சார். கன்டெய்னர் பேப்பரில் வேறு ஏதோ சரக்கு எழுதியிருக்கும், உள்ளே செம்மரம். கட்டை தண்ணீரில் மூழ்குகிற கனம், அதனால் பேப்பரில் உள்ள சரக்கோடு எடை ஒத்துப்போகாது. சந்தேகம் வந்தால் திறந்து பார்ப்பார்கள். அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் 1995 முதல் செம்மரம் இருப்பதால் அங்கத்திய கஸ்டம்ஸும் பிடிக்கலாம். 2017 முதல் இன்டர்போலும் உலக சுங்க அமைப்பும் சேர்ந்து 'ஆபரேஷன் தண்டர்' என்று பல நாடுகளில் ஒரே சமயத்தில் சோதனை நடத்துகின்றன.

நகரி செல்வம்:
நன்றி அண்ணா. கடைக்கு வருகிற ஒரு அம்மாவின் மகன் உள்ளே இருக்கிறான். அவனைக் கூட்டிப்போன மேஸ்திரி பேர் தவிர வேறொன்றும் தெரியாதாம்.

சித்தூர் குமாஸ்தா:
அந்தப் பேரும் அவன் போன் நம்பரும் ரொம்ப முக்கியம், தம்பி. மேஸ்திரியிலிருந்து ஏஜென்ட், ஏஜென்டிலிருந்து ஏற்றுமதிக்காரன் என்று ஏறினால்தான் வெளிநாட்டு ஆள் பேரில் வாரண்டே கேட்க முடியும். கூலியை உள்ளே வைத்துவிட்டுக் கேஸை அங்கேயே நிறுத்துவது எனக்குப் பொறுக்கவே இல்லை. அந்த அம்மாவை மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்குக் கூட்டிப் போங்கள், இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். போகும்போது எஃப்ஐஆர் நகல் கையில் இருக்கட்டும்.