போரைப் பற்றிப் பேசும் முன்னாள் தளபதிகள் யாருக்காகப் பேசுகிறார்கள்?

சுங்கை சிப்புட் வாசகர்:
வணக்கம். எங்கள் பட்டணத்து உணவகத்தில், பழைய தோட்டத்து நண்பர்களுடன் மாலையில் வெளிநாட்டுப் போர்ச் செய்திகளைப் பார்க்கிறேன். கருத்துரைக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் முன்னாள் பதவி மட்டுமே திரையில் தெரிகிறது. ஆயுத நிறுவனங்களோடு அவர்களுக்குப் பணத் தொடர்பு உண்டா என்பதை எப்படி அறிவது?

முன்னாள் தோட்டக் கிராணி:
ஐயா, உங்கள் ஐயம் நியாயமானது. 2008 ஏப்ரல் 20 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் டேவிட் பார்ஸ்டோ எழுதிய புலனாய்வுக் கட்டுரை, ஈராக் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் தோன்றிய ஓய்வுபெற்ற இராணுவ ஆய்வாளர்கள் பலர் பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களை நாடிய நிறுவனங்களில் இயக்குநராகவோ ஆலோசகராகவோ இருந்ததையும், பென்டகன் எனப்படும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அவர்களுக்குத் தனிக் கூட்டங்கள் நடத்திப் பேசவேண்டியவற்றை எடுத்துக்கொடுத்ததையும் வெளிக்கொணர்ந்தது. அந்நாளிதழ் அத்துறை மீது வழக்குத் தொடுத்த பிறகே சுமார் 8,000 பக்க ஆவணங்கள் கிடைத்தன. 2009இல் பார்ஸ்டோவுக்குப் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது. ரப்பர்ப் பால் நிறுப்பவருக்கு ஆலையில் பங்கு இருந்தால், மரம் சீவுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

இடைநிலைப்பள்ளி ஆசிரியை:
பெரியவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பென்டகனை உள்ளிருந்தே கண்காணிக்கும் அதன் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2011இல் விதிமீறல் இல்லை என்றே முடிவு செய்தது. ஆனால் அது அத்துறையின் நடத்தையைப் பற்றியது. நேயர்களிடம் உண்மையைச் சொல்லாமல் விட்ட தொலைக்காட்சி நிலையங்களின் பொறுப்பை அது தீர்க்கவில்லை. பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் இயக்குநர்களின் பெயர்கள் இருக்கும். ஆலோசகர்களின் பெயர்களை அங்கே பெரும்பாலும் காண முடியாது.

சுங்கை சிப்புட் வாசகர்:
மிக்க நன்றி. அப்படியானால் அதைச் சொல்லவேண்டிய கடமை நிலையத்துக்கே உரியது. இதையே அவர்களுக்குக் கடிதமாக எழுதப்போகிறேன்.