சன்ஸ்டோன் பட்டை தீட்டுவது பற்றி உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. போன மாதம் அமெரிக்காவின் ஓரிகானில், ப்ளஷ் என்ற குட்டி ஊருக்கு வடக்கே இருக்கும் பொதுநிலத்துக்குப் போய் சன்ஸ்டோன் என்ற ரத்தினக்கல் பொறுக்கினோம். சொந்த உபயோகத்துக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். 1987 முதல் இதுதான் அந்த மாநிலத்தின் ரத்தினக்கல். பழைய எரிமலைப் பாறை உதிர்ந்து கிடக்கும் வறண்ட வெளி அது. வெயிலுக்கு எதிர்முகமாக நடந்தால் கற்கள் தாமாகவே மினுங்கிக் கண்ணில் படும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது தனிக்கதை.

கிடைத்ததில் பெரும்பாலானவை வெளிர் மஞ்சள்தான். ஒன்றில் மட்டும் நடுவில் லேசான சிவப்பு. திருப்பிப் பார்த்தால் ஒரு கோணத்தில் செம்புத்தூள் தூவியது போலப் பளபளக்கிறது. உள்ளே நிஜமாகவே செம்புத் தகடுகள் நுணுக்கமாக இருப்பதால்தான் அந்த மினுக்கு.

அதைத்தான் தீட்டக் கொடுக்க ஆசை. தகடுகள் படிந்த தளம் மேலே வரும்படி வழவழப்பான குமிழாகத் தீட்டுவது நல்லதா, வைரம் போலப் பல முகப்புகளாக வெட்டுவதா? சன்ஸ்டோன் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிம வகை; இரண்டு திசையில் சுலபமாகப் பிளக்கும், கடினமும் பத்து வரை போகும் மோஸ் அளவில் ஆறு, ஆறரைதான். தினமும் போடும் மோதிரத்துக்குத் தாங்குமா, இல்லை பதக்கம் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், கூலி எவ்வளவு ஆகும்?