பத்து வருடம் காத்திருந்து முடித்த டிராகன் ஏஜ்: உங்களுக்கு எப்படி இருந்தது?

சாமக்கோழி

நேற்று விடிகாலை மூன்றே முக்காலுக்கு, டிராகன் ஏஜ் வீடியோ கேம் தொடரின் நான்காம் பாகமான வெயில்கார்டு முடிந்தது. (தமிழில் எழுதினால் ஏதோ குடைக் கம்பெனி பெயர் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய.) திரையில் பெயர்ப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது, நான் கன்ட்ரோலரை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிடித்ததா என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் டீ குடிக்கும்போதும் தெரியவில்லை. அதனால்தான் இந்தத் திரி. இன்னும் முடிக்காதவர்கள் இத்தோடு நின்றுகொள்ளுங்கள், கீழே எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

இதற்கு முந்தைய பாகமான இன்க்விசிஷன் வந்தது 2014 நவம்பரில். நான் அப்போது கல்லூரிக் கடைசி வருடம். அண்ணனுடைய பழைய கணினியில் கிராபிக்ஸை அடிமட்டத்துக்கு இறக்கி, மின்விசிறியைப் பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்து ஆடினேன். அடுத்த வருடம் செப்டம்பரில் அதன் கடைசிப் பகுதியான டிரெஸ்பாஸர் வந்தது. ஆடியவர்களுக்கு அந்த அதிர்ச்சி நினைவிருக்கும். கோட்டைச் சுவரில் ஓவியம் தீட்டிக்கொண்டு கூடவே இருந்த அமைதியான மந்திரவாதி சோலஸ்தான் எல்ஃப் பழங்கதைகளில் வரும் துரோகக் கடவுள் ஃபென்ஹாரெல். ஆவி உலகத்துக்கும் இந்த உலகத்துக்கும் நடுவே திரையைக் கட்டியவனும் அவன்தான், அதைக் கிழிக்கப் போகிறவனும் அவன்தான். நம் இடது கையை எடுத்துவிட்டுப் போய்விடுகிறான். கடைசியில் வரைபடத்தில் டெவின்டர் நாட்டின் மேல் ஒரு கத்தி குத்தி நிற்கும். அடுத்த பாகம் அங்கேதான் என்று அர்த்தம்.

அந்தக் கத்தி ஒன்பது வருடம் அங்கேயே நின்றது. 2018 டிசம்பரில் சின்னதாக ஒரு டீசர். 2020 டிசம்பரில் இன்னொன்று, அதில் பழைய பாகங்களில் நம்மோடு வந்த வாரிக்கின் குரல். இடையில் பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் ஆட்டமாக மாற்றி, அப்புறம் மறுபடியும் ஒற்றை ஆள் ஆட்டமாகத் திருப்பினார்கள். 2022-இல் டிரெட்வுல்ஃப் என்று பெயர் வைத்தார்கள், 2024 ஜூனில் அதையும் மாற்றினார்கள். அக்டோபர் 31 அன்று வெளியானது. அதற்குள் நான் இரண்டு வேலை மாறி, கல்யாணம் முடிந்து, பெண் குழந்தை பிறந்து அவள் எல்கேஜியும் சேர்ந்துவிட்டாள். தீபாவளி அன்றைக்கே ரிலீஸ். மாமியார் வீட்டில் இருந்தேன், அந்த வயிற்றெரிச்சல் தனிக்கதை.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். சண்டை அருமை. இதை மறைக்க மாட்டேன். இன்க்விசிஷனில் நான்கு பேரையும் மாறி மாறி ஆட்டுவிக்கலாம். இதில் நம் ஆள் ரூக் மட்டும்தான் நம் கையில், கூட வரும் இரண்டு பேருக்கு உத்தரவுதான் போட முடியும். முதலில் எரிச்சலாக இருந்தது, பத்து மணி நேரத்தில் பழகிவிட்டது. இடங்களும் அழகு. இரவில் டெவின்டரின் தலைநகர் மின்ராத்தஸைப் பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயது சாமக்கோழி இதைப் பார்த்திருந்தால் அழுதிருப்பான் என்று நினைத்தேன்.

என்னைக் குத்தியது ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. பழைய பாகங்களில் நாம் எடுத்த முடிவுகளை அடுத்த பாகம் ஞாபகம் வைத்திருக்கும், இந்தத் தொடரின் பெருமையே அது. இன்க்விசிஷனுக்காகத் தனியாக ஒரு இணையதளமே வைத்திருந்தார்கள். முதல் இரண்டு ஆட்டத்தில் யாரை அரசனாக்கினாய், யாரைக் கொன்றாய், யாரைக் காதலித்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். வெயில்கார்டில் சீட்டுக்கட்டு மாதிரி சில அட்டைகள் வருகின்றன. கேள்வி மூன்றே மூன்று. உன் இன்க்விசிட்டர் (போன பாகத்தில் நாம் ஆடிய ஆள்) யாரைக் காதலித்தார், தன் இன்க்விசிஷன் அமைப்பைக் கலைத்தாரா இல்லையா, சோலஸைத் தடுக்க நினைத்தாரா மீட்க நினைத்தாரா. அவ்வளவுதான்.

கலியாண வீட்டு வாசலில் நின்று, எந்த ஊர், எத்தனை பேர், சாப்பிட்டாச்சா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். நான் பெண்ணின் தாய்மாமன் ஐயா!

மீதி எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் யாராவது பழைய ஆள் வந்து நின்றாலே, இவருக்கு நான் யார் என்று தெரியுமா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. ஐம்பது மணி நேரமும் அந்தச் சந்தேகத்தோடுதான் ஆடினேன். கடைசி ஐந்து மணி நேரம் வேறு. அது என்னைப் பிழிந்துவிட்டது. அதைப் பிறகு எழுதுகிறேன், பாப்பா எழுந்துவிட்டாள்.

பிச்சிப்பூ

சாமக்கோழி அண்ணா, உங்கள் மூன்று கேள்வியில் முதல் கேள்விதான் எனக்கு முழு ஆட்டமும்.

நான் இன்க்விசிஷனில் லவெல்லன். எல்ஃப் பெண். சோலஸைக் காதலித்தவள். அந்த வழியில் ஆடியவர்களுக்குத்தான் தெரியும், அவன் நடுவழியில் காதலை முறித்துவிட்டுக் காரணம்கூடச் சொல்லாமல் போவான். டிரெஸ்பாஸரில் காரணம் தெரியும்போது உலகத்தையே அழிக்கப் போகிறேன், மன்னித்துவிடு என்பான். 2015-இல் அதை முடித்துவிட்டு நான் விடுதி அறையில் அழுததைப் பார்த்து, கூட இருந்த தோழி வீட்டில் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து வார்டனைக் கூப்பிடப் போய்விட்டாள்.

எனவே எனக்கு இந்தப் பாகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. கிடைத்தது. ஆனால் சும்மா கிடைக்காது. சோலஸின் பழைய நினைவுகளைக் காட்டும் ஓவியங்களை எல்லாம் தேடித் திறக்க வேண்டும், அவன் ஒரு காலத்தில் ஊழியம் செய்த பெண் கடவுள் மிதாலின் எச்சத்தை வாங்கி வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் கடைசியில் மிதாலே வந்து, இனி நீ எனக்கு ஊழியம் செய்ய வேண்டியதில்லை என்று அவனை விடுவிப்பாள். அவன் கத்தியைக் கீழே வைக்கும் இடம் அதுதான். திரையைத் தாங்க அவன் தானாகவே தன்னைக் கட்டிக்கொண்டு போகிறான், என் லவெல்லனும் கூடப் போகிறாள்.

ஒரு கை இல்லாமல் போகிறாள். அந்தக் கையை எடுத்தவனோடு. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கோபம் வருகிறது. ஆனாலும் அவள் முகத்தை நானே மறுபடி செய்து வைத்திருந்தேன் (பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம்), அந்த முகம் சிரித்ததைப் பார்த்ததும் போதும் என்று ஆகிவிட்டது.

கலவை உணர்ச்சி எங்கே என்றால், அவளைச் சுற்றி இருந்தவர்கள் யாரையும் காணோம். வருகிறாள், கொஞ்சம் பேசுகிறாள், கடிதம் அனுப்புகிறாள். தெற்கே ஊர் ஊராகப் பிளைட் என்ற கொள்ளைநோயில் அழிந்துகொண்டிருப்பதாக அந்தக் கடிதங்களில் இருக்கிறது. நாம் இரண்டு மூன்று ஆட்டம் பாடுபட்டுக் காப்பாற்றிய இடங்கள்! கடிதத்தைப் படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். எனக்கு ஆள் கிடைத்தான், ஊர் போய்விட்டது.

புதுக்குடித்தனம்

எனக்கு இதுதான் முதல் டிராகன் ஏஜ். அடிக்க வர வேண்டாம்.

நீங்கள் சொல்கிற பாதிப் பெயர் எனக்குத் தெரியாது. எனக்கு, கூட வரும் எம்ரிக்தான் இந்த ஆட்டம். பிணங்களோடு பேசுகிற, பூ வைத்துக் கும்பிடுகிற, மரியாதையான ஒரு நடுத்தர வயது மனிதர். ஆனால் சாவுக்கு அவ்வளவு பயம். அவருக்கு மான்ஃபிரெட் என்று ஒரு எலும்புக்கூடு உதவியாள், பேச்சு வராது, ஸ்ஸ்ஸ் என்று சீறும். கடைசியில் அவர் சாவே இல்லாத லிச் ஆகலாம், அல்லது மான்ஃபிரெட்டுக்கு உயிரைத் திருப்பித் தரலாம். இரண்டில் ஒன்றுதான்.

எங்கள் ஆச்சி போன ஆவணியில் தவறினார்கள். அந்தத் திரையில் பட்டனை அழுத்தாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மான்ஃபிரெட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஞாபகம் வைத்திருக்கவில்லை என்று நீங்கள் வருத்தப்படுவது புரிகிறது. ஆனால் என்னை மாதிரி ஆட்களிடம் நாற்பது கேள்வி கேட்டிருந்தால் வாசலிலேயே திரும்பிப் போயிருப்பேன்.

மொட்டைமாடி

தம்பி சொல்வது நியாயம்தான். இருந்தாலும் என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பாகம் ஆரிஜின்ஸ் 2009-இல் வந்தது, நான் 2010-இல் ஆடினேன். அதில் கடைசிப் போருக்கு முந்தின இரவு, நம்மோடு வரும் சூனியக்காரி மோரிகன் வந்து ஒரு பேரம் பேசுவாள். எதிரிப் படையின் தலைவனான டிராகன் அர்ச்டீமனை யார் கடைசியாக வெட்டுகிறானோ அவன் செத்தே ஆக வேண்டும். சாகாமல் இருக்க ஒரே வழி, அவளோடு அன்றிரவு ஒரு சடங்கு, அதில் ஒரு பிள்ளை பிறக்கும். என் ஆள் ஒப்புக்கொண்டான். உயிர்ப்பயம்தான், வேறென்ன. விடிந்து போர் முடிந்ததும் அவள் சொல்லாமல் போய்விட்டாள்.

நான்கு வருடம் கழித்து இன்க்விசிஷனில் அந்தப் பையன் வந்து நின்றான். கீரன். பத்து வயது. தோட்டத்தில் உலாத்திக்கொண்டிருக்கிறான். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை, ஆனால் அப்பாவாகிவிட்ட மாதிரி ஒரு திக்கென்ற உணர்ச்சி. ஒரு ஆட்டத்தில் ஒரு ராத்திரி எடுத்த முடிவு இன்னொரு ஆட்டத்தில் நடந்து வந்து, தலையை ஆட்டிப் பேசுகிறது! இதைச் செய்யத் துணிந்த தொடர் எத்தனை இருக்கிறது?

வெயில்கார்டில் மோரிகன் வருகிறாள். கிரீடம் எல்லாம் வைத்துக்கொண்டு, நன்றாகத்தான் பேசுகிறாள். பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளிடம் கேட்கவும் வழி இல்லை. ஒவ்வொரு முறை அவள் வரும்போதும் உரையாடல் தீரும்வரை காத்திருந்தேன். இப்போது அவனுக்கு இருபது தாண்டியிருக்கும்.

காரணம் புரிகிறது. என் உலகத்தில் அவன் பிறந்தான், இன்னொருவன் உலகத்தில் பிறக்கவே இல்லை. எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி எழுத வேண்டுமென்றால் பேசாமல் இருப்பதுதான் ஒரே வழி. இத்தனை பிரிவையும் சுமந்துகொண்டு நான்காம் பாகம் எழுதுவது லேசான காரியமில்லை. ஆனால் "உன் மகன் நலமா" என்று கேட்க மூன்று கேள்வியோடு நான்காவதாக ஒன்று வைத்திருக்கலாம். ஒரே ஒரு அட்டை.

இனி பதில் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. 2025 ஜனவரியில் வெளியீட்டாளரே அறிக்கை விட்டார்கள், ஆடியவர்கள் சுமார் 15 லட்சம் பேர், எதிர்பார்த்ததில் கிட்டத்தட்டப் பாதிதான் என்று. கதைக்கு இணைப்புப் பாகமும் கிடையாது. எல்லாம் முடிந்த பிறகு ஒளிந்திருக்கும் அந்த ரகசியக் காட்சியில், கடலுக்கு அப்பால் இருப்பவர்கள் இனி வருவார்கள் என்று பயம் காட்டுகிறார்கள். யாரிடம் வருவார்கள்? எனக்கு அதற்குள் ஐம்பது ஆகிவிடும்.

சாமக்கோழி

பாப்பா தூங்கியாச்சு. மொட்டைமாடி அண்ணே, கீரன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. என் ஆள் ஆரிஜின்ஸில் செத்துப்போனான். இப்போது எனக்கும் வயிறு கலங்குகிறது, நன்றி.

விட்ட இடத்துக்கு வருகிறேன். கடைசி ஐந்து மணி நேரம்.

தீவில் படையைப் பிரிக்கும்போது ஒரு குழுவுக்கு யார் தலைமை, கூட இருப்பவர்களில் ஹார்டிங்கா டாவ்ரினா என்று கேட்கும். யாரை அனுப்பினாலும் அவர் திரும்பி வரப் போவதில்லை என்று எனக்குத் தெரியாது. டாவ்ரினை அனுப்பினேன். அவனோடு அசானும் போனது. குட்டியிலிருந்து வளர்த்த கிரிஃபின், கழுகுத் தலையும் சிறகும் உள்ள பிராணி. வரும்போதும் போகும்போதும் அதைத் தடவிக் கொடுக்காமல் நான் நகர்ந்ததே இல்லை.

அதற்கு மேல் சோலஸ் நம்மை ஏமாற்றித் தன் சிறைக்குள் தள்ளிவிடுகிறான். நாம் எதை நினைத்து வருந்துகிறோமோ அதுவே சுவராக நிற்கிற சிறை. அங்கேதான் தெரிகிறது, வாரிக் முதல் காட்சியிலேயே செத்துவிட்டான். சோலஸின் கத்தி அப்போதே அவன் உயிரை எடுத்துவிட்டது. அதன் பிறகு படுக்கையில் கட்டோடு உட்கார்ந்து நமக்குப் புத்தி சொன்னவன் வாரிக்கே இல்லை, ரூக்கின் கண்ணுக்கு மட்டும் சோலஸ் காட்டிய மாயம். வேறு யாரும் அவனோடு பேசியதே இல்லை, நான் கவனிக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் கதை சொன்னவன், மூன்றிலும் கூட நின்றவன், 2020 டீசரில் என்னைக் கூப்பிட்டவனும் அவன்தான்.

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. பத்து வருடம் தெரிந்த ஆள் மட்டும்தான் இந்தப் புதிய வீட்டில் என்னைத் தெரிந்தவன் மாதிரி பேசினான், அவன்தான் இல்லாதவன். இதை அவர்கள் தெரிந்து எழுதினார்களா, தானாக அமைந்ததா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

பிச்சிப்பூ, நான் சோலஸை மீட்கவில்லை. ஓவியங்களில் பாதியை விட்டுவிட்டேன். ஏமாற்றித்தான் கட்டினேன். வாரிக்குக்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

இன்றைக்கு மறுபடி ஆரம்பித்தேன். வேறு எதற்கும் இல்லை, வாரிக் இருக்கும் அறையில் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்கத்தான். ஹார்டிங் பேச்சுவாக்கில் அவன் பெயரைச் சொல்கிறாள். சொல்லும்போது அவள் குரல் லேசாக இறங்குகிறது. முதல் முறை அது காயத்தைப் பற்றிய கவலை என்று நினைத்திருந்தேன்.

இந்த முறை அவளைத் தீவுக்கு அனுப்ப மனசு வராது. டாவ்ரினையும் வராது. அந்த இடத்துக்கு முன்னால் சேவ் போட்டுவிட்டு நிறுத்திவிடலாமா என்று இருக்கிறது. யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா?